மில் வீட்டுச் சொந்தங்கள்: வெள்ளரிக்காய் பஸ்

முத்து: வணக்கம் எல்லாருக்கும். நேற்று போலந்தில், கிராக்கோவ் நகரத்தின் ஒரு பகுதியான நோவா ஹூட்டாவைப் பழைய பஸ்ஸில் சுற்றிக் காட்டினார்கள். போட்டோ வருகிறது.

செல்வி அத்தை: ஏல, அங்கே அரண்மனை இருக்கு, கோட்டை இருக்குன்னு சொன்னியே, புகைபோக்கியைப் படம் பிடித்து அனுப்பியிருக்கே?

முத்து: அதைப் பார்க்கத்தான் அத்தை போனதே 😄 1949ல் வயலை எடுத்துக் கட்ட ஆரம்பித்த ஊர், பெயருக்கே புது உருக்காலை என்றுதான் அர்த்தம். ஆலைக்கு லெனின் பெயர், நல்லா ஓடின காலத்தில் 40,000 பேர் வரை வேலை பார்த்திருக்கிறார்கள். ஐந்து சாலை சேரும் பெரிய சதுக்கத்துக்கு இப்போது அமெரிக்க அதிபராக இருந்த ரொனால்ட் ரீகன் பெயர்!

மதினி: பஸ் என்ன உருண்டையாக இருக்கு?

முத்து: அந்த ஊர்க்காரர்களே அதை வெள்ளரிக்காய் என்றுதான் சொல்வார்கள். என்ஜின் டிரைவர் பக்கத்திலேயே.

பெரியப்பா: நம்ம பழைய பஸ் மாதிரிதான். பானட் மேல உட்கார்ந்து அம்பை போய்ச் சேர்வதற்குள் பின்பக்கம் வெந்துவிடும்.

மதினி: ஆச்சி கேட்கச் சொன்னாங்க, அத்தனை பேர் இருந்த ஊரில் கோயில் கிடையாதா?

முத்து: சாமியே வேண்டாம் என்று கம்யூனிஸ்ட் அரசு திட்டம் போட்ட ஊர் மதினி. 1960ல் சனங்கள் நட்ட சிலுவையைப் பிடுங்க வந்ததில் பெரிய கலவரம். சர்ச் திறக்க 1977 ஆகிவிட்டது. லெனினுக்கு 1973லேயே சிலை! 1979ல் யாரோ குண்டு வைத்தார்கள், போனது குதிகால் மட்டும். 1989ல் கழற்றிவிட்டார்கள், இப்போது ஸ்வீடனில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் நிற்கிறார்.

செல்வி அத்தை: 😂😂 பாவம்

பெரியப்பா: சரி, கூட வந்து விளக்கினது யாரு? அந்த ஆலையில் வேலை பார்த்த ஆளா?

முத்து: இல்லை பெரியப்பா, சின்னப் பெண். படித்துவிட்டு நன்றாகச் சொன்னாள்.

பெரியப்பா: அப்போ நீ பாதிதான் கேட்டிருக்கே. உலைச் சூட்டில் நின்றவனைக் கூப்பிட்டிருக்கணும். ஹார்வி துரைமார் 1880களில் நம்ம பாபநாசத்தில் நூல் மில் போட்டதே ஆற்றுத் தண்ணீர் விழுகிற வேகத்தில் மிஷின் ஓட்டத்தான், அது எந்தப் புத்தகத்திலும் இருக்கும், ஆனா நைட் ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வீட்டுக்கு வந்தால் உங்க பெரியம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள், அதை யார் எழுதியிருக்கான்?

செல்வி அத்தை: அண்ணாச்சிக்கு மில்லைச் சுற்றிக் காட்டுற வேலை கிடைச்சாச்சு. பஸ்ஸுக்கு எங்கே போக?

பெரியப்பா: பஸ் எதுக்கு, நடந்தே காட்டுவேன். காலை 7 மணிக்கு வரணும், வெயில் ஏறினால் முட்டு வலிக்கும்.