பிக்கப்புக்கு வெளிச் சைலன்சர்: மலை ஏறும் வண்டிகளில் பார்த்தவை

கம்பம், பட்டறை:

பொலிரோ பிக்கப்போ வி-கிராஸோ, கம்பெனி சைலன்சருக்குப் பதிலாக வெளியில் சைலன்சர் கிட் வாங்குபவர்கள் முதலில் கேட்பது பைப் சைஸும் சத்தமும்தான். லோடு ஏறினால் பின் ஹவுசிங் (பின் சக்கரங்களை இணைக்கும் அச்சின் கூடு) எவ்வளவு மேலே வரும் என்று யாரும் கேட்பதில்லை. பட்டறைக்குத் திரும்பி வரும் வண்டிகளில் பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கிறது. காலி வண்டியில் ஸ்பிரிங் பட்டை வண்டியைத் தூக்கி நிற்கும். பைப் ஹவுசிங்குக்கு மேலே தாராளமாகப் போவது மாதிரித் தெரியும். கம்பம்மெட்டு மலைச்சாலை வளைவில் மூட்டையோடு ஒரு குழியில் இறங்கினால் ஹவுசிங் மேலே வந்து பைப்பைத் தட்டும். கீழே படுத்துப் பார்த்தால் பைப்பின் அடியில் பளபளவென்று ஒரு தட்டையான நசுங்கல் இருக்கும், ஹவுசிங்கின் பெயின்ட் அதே அகலத்துக்கு உரிந்திருக்கும். கொஞ்ச நாளில் பைப்புகளைப் போல்ட்டில் சேர்க்கும் முன்பக்க ஃபிளாஞ்ச் தகட்டின் வெல்டிங்கில் விரிசல் விழும். அடி விழுவது பின்னால், உடைவது முன்னால். அதனால்தான் பலர் வெல்டரைக் குறை சொல்கிறார்கள்.

அளக்கும் முறை சுலபம். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹவுசிங் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது மோதும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை டேப்பில் எடுங்கள். ஹவுசிங்குக்கும் பைப்புக்கும் அதைவிட ஒரு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும், ரப்பர் நசுங்குமே. அடுத்து சேஸிஸில் ஜாக்கி கொடுத்து ஹவுசிங்கைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபட்டுப் பைப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னியை அதன் இடத்தில் மாட்டியே பார்க்க வேண்டும். கழற்றி வைத்துவிட்டு வேலை முடித்தால், கடைசியில் டயர் சுவர் சைலன்சரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பழையதைக் கழற்றும்போது டர்போ பக்க ஸ்டட்தான் உயிரை எடுக்கும். முந்தைய நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் நட்டை மட்டும் கேஸில் சூடாக்கி, முதலில் லேசாக இறுக்கும் பக்கம் அசைத்துவிட்டு, பிறகு தளர்த்துங்கள். நேராக இழுத்தால் ஸ்டட் முறியும். அப்புறம் டிரில் போட்டு எடுப்பது ஒரு நாள் வேலை. டர்போ பக்கம் பெல்லோஸ் (வளைந்து கொடுக்கும் மடிப்புப் பைப்) இருந்தால் அதை வெட்டிவிட்டு நேர்ப்பைப் வைக்கவே கூடாது. எஞ்சின் மவுன்டிங்கில் ஆடுகிறது, சைலன்சரோ சேஸிஸில் தொங்குகிறது. அந்த ஆட்டத்தை வாங்குவது பெல்லோஸ் ஒன்றுதான்.

பொள்ளாச்சி, வெல்டிங்:

அண்ணன் சொன்னதோடு பைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் எளிதில் துருப்பிடிக்காது, ஆனால் சூட்டில் அதிகம் நீளும். 2 மீட்டர் பைப் 300 டிகிரி கூடினால் சுமார் 10 மி.மீ. நீளும், 409 ரக ஸ்டெயின்லெஸும் சாதா இரும்பும் 7 மி.மீ. போல. சைலன்சரைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பரை இழுத்துக் கட்டிவிட்டால் அந்த நீட்சி போக இடமில்லாமல் பிராக்கெட்டைப் பிய்க்கும். ரப்பர் நேராகத் தொங்க வேண்டும், பின்பக்கம் போக இடம் இருக்க வேண்டும். ரப்பர் ஏற மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

பைப்பின் சுவர் 1.5 மி.மீ. என்றால் சாதா ராடில் ஓட்டை விழும். டிக் வெல்டிங் நல்லது, இல்லையென்றால் 0.8 மி.மீ. வயரில் மிக் வெல்டிங். ஸ்டெயின்லெஸையும் இரும்பையும் சேர்க்கும் இடத்தில் 309எல் ஃபில்லர். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். சேஸிஸின் இன்னொரு மூலையில் போட்டால் கரண்ட் பேரிங், இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) வழியாகப் பாயும். முழுதும் தொங்கவிட்டுச் சரி பார்க்கும்வரை டேக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும்.

குமுளி, ஏலக்காய் லோடு:

செக்போஸ்ட் பக்கம் ஓடுகிறவர்கள் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. சத்தம், புகைக்கு 190(2)-ல் 10,000 வரை. வண்டித் தகுதிச் சான்றுக்கான எஃப்.சி. சோதனையிலும் மாட்டும். விதிகளில் இன்னும் இரண்டு உண்டு: புகை கீழேயோ இடப்பக்கமோ போகக் கூடாது, பின்னாலோ வலப்பக்கமோதான் போக வேண்டும், டீசல் லைனுக்கும் பைப்புக்கும் 35 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். இரண்டாவது நம் உயிருக்காக எழுதியது.

பிஎஸ்6 புகை விதிப்படி வந்த வண்டியில் டிபிஎஃப்பை (டீசல் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தொடவே வேண்டாம். பிரஷர் சென்சார் உடனே காட்டிக்கொடுக்கும், வண்டி ஏற்றத்தில் இழுக்காது. மாற்றுவதென்றால் அதற்குப் பின்னால் உள்ள துண்டை மட்டும். டிபிஎஃப் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரியைத் தொடும். அந்த நேரத்தில் ஏலத் தோட்டத்துச் சருகு மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். டெயில் பைப் சருகைப் பார்த்துச் சாய்ந்திருக்கவும் கூடாது.

அண்ணே, 2 அங்குலத்திலிருந்து இரண்டரைக்கு மாற்றினால் இழுவை கூடுமா? கிளாம்பு எது நல்லது?

கம்பம், பட்டறை:

டியூனிங் இல்லாமல் பின் துண்டை மட்டும் மாற்றினால் டீசலில் இழுவை பெரிதாகக் கூடாது தம்பி. பழையது அரித்துப் போயிருந்தால் மாற்றுங்கள், அதுதான் நியாயமான காரணம். வளைவு மட்டும் மேன்ட்ரல் வளைவாக (உள்விட்டம் சுருங்காமல் வளைத்ததாக) இருக்கட்டும். அழுத்தி வளைத்த பைப் உள்ளே சுருங்கியிருக்கும், இரண்டரை அங்குலம் வாங்கியும் பயன் இல்லை.

யூ-போல்ட் கிளாம்பு பைப்பைக் கடித்துவிடும், அடுத்த முறை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பட்டை மாதிரிச் சுற்றும் பேண்ட் கிளாம்பு வாங்குங்கள். ஒரு பைப் இன்னொரு பைப்புக்குள் ஒன்றரை அங்குலமாவது நுழைய வேண்டும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, டர்போ பக்கமிருந்து பின்னோக்கி இறுக்குங்கள். ஃபிளாஞ்ச் போல்ட் எம்10, 8.8 கிரேடு என்றால் 40 முதல் 45 நியூட்டன் மீட்டர், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. கேஸ்கெட் புதிதுதான், பழையதன் மேல் சிலிக்கான் பூசினால் ஒரு ஏற்றத்திலேயே கருகிவிடும்.

குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து ஜாயின்டுகளில் சோப்புத் தண்ணீர் அடியுங்கள், குமிழி வந்தால் லீக். 100 கி.மீ. ஓடியதும், ஆறிய பிறகு எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கி, ஜாயின்டைச் சுற்றிப் புகை கசிந்து கறுப்புக் கோடு படிந்திருக்கிறதா பாருங்கள். கேபினுக்கு அடியில் இருக்கும் ஜாயின்டில் அப்படித் தெரிந்தால் லோடு ஏற்றாமல் கொண்டு வாருங்கள்.