டீகமிஷனுக்குத் தமிழில் என்ன? (மிசூரி கப்பல் கட்டுரை, அவசரம்)

அனைவருக்கும் வணக்கம்.

சிறுவர் இதழ் ஒன்றுக்காக அமெரிக்காவின் மிசூரி போர்க்கப்பலைப் பற்றி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1945 செப்டம்பர் 2 அன்று தோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டது இதன் மேல்தளத்தில்தான். கதை ஓடிவிட்டது, பெட்டிச் செய்தியில்தான் மாட்டிக்கொண்டேன். 1944 ஜூன் 11 கமிஷன் (கடற்படைப் பணியில் சேர்த்தது), 1955 பிப்ரவரி 26 டீகமிஷன் (பணியிலிருந்து எடுத்தது), 1986 மே 10 மறுபடி கமிஷன், 1992 மார்ச் 31 மறுபடி டீகமிஷன். "பணிநீக்கம்" என்று போட்டால் லஞ்ச வழக்கில் சிக்கிய எழுத்தரை வீட்டுக்கு அனுப்பியது போல இருக்கிறது. "ஓய்வு பெற்றது" என்றால், ஓய்வு பெற்றவர் 31 ஆண்டு கழித்து எப்படி வேலைக்கு வந்து வளைகுடாப் போரில் ஏவுகணை விட்டார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மியூசியம் ஷிப்புக்கும் ஒரு சொல் தாருங்கள்.

* * *

அன்புள்ள தங்கைக்கு,

கப்பல் பணியில் இருக்கும்வரை கொடிமர உச்சியில் ஒல்லியான நீண்ட கொடி ஒன்று பறக்கும், டீகமிஷன் நாளில் அதை இறக்கிவிடுவார்கள். ஆகவே கொடியேற்றம், கொடியிறக்கம். திருவிழா முடிந்து கொடி இறங்கினால் சாமி ஊரைவிட்டுப் போய்விட்டது என்று யாராவது நினைக்கிறோமா? மறுபடி ஏறும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

மியூசியம் ஷிப் என்பதற்கு அருங்கலம். மரக்கலம் கப்பல், படைக்கலம் ஆயுதம், வள்ளுவரின் "நன்கலம் நன்மக்கட் பேறு" நகை. மிசூரி மூன்றும் அல்லவா? கலம் என்ற வேரைப் பிடித்துப் போனால் மரக்கலராயர்தான் மரக்காயர் ஆனது என்பார்கள், அதைத் தனியாக எழுதுகிறேன்.

* * *

ஐயா, மரக்காயர் பக்கம் போனால் வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப முடியாது. கொடியேற்றம் என்று படிக்கிற பத்து வயதுப் பிள்ளைக்குத் தேரும் வாணவேடிக்கையும்தான் நினைவுக்கு வரும். துறைமுகத்தில் நிற்கும் போர்க்கப்பலில் தினமும் மாலையில் தேசியக் கொடியை இறக்குகிறார்கள், அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? கலம் என்றால் எங்கள் வீட்டில் பன்னிரண்டு மரக்கால் நெல். அருங்காட்சியகக் கப்பல் நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

இன்னொன்று, பெட்டியில் ஒரு தேதி விட்டுப்போயிருக்கிறது. 1995 ஜனவரி 12 அன்று கடற்படைப் பதிவேட்டிலிருந்து மிசூரியின் பெயரை எடுத்தார்கள், அதுதான் பெயர்நீக்கம். அதுவரை திரும்ப அழைக்க வழி இருந்தது. 1955க்குப் பிறகு அமெரிக்காவின் பிரெமர்டன் துறைமுகத்தில் கட்டிப்போட்டிருந்தபோதே சரணடைவு நடந்த இடத்தைப் பார்க்க மக்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள், அப்போது அது மியூசியமும் இல்லை, பணியிலும் இல்லை! இந்த நடுநிலைக்குத்தான் சொல் வேண்டும். பணிவிடுப்பு என்று வைக்கலாமே, விடுப்பில் போனவர் வரலாம், வராமலும் போகலாம்.

* * *

விடுப்பு வேண்டாம், தயவுசெய்து. யாழ்ப்பாணத்தில் விடுப்புக் கேட்பது என்றால் ஊர்வம்பு விசாரிப்பது, எங்கள் பிள்ளைகளும் வாசிக்கிற இதழ் இது. ஒரு எழுத்தைக் கூட்டி விடுவிப்பு என்று வையுங்கோ. பணியில் சேர்ப்பு, பணிவிடுவிப்பு, பெயர்நீக்கம், மூன்றும் தெளிவாக இருக்கும்.

தங்கச்சி, 1945 ஏப்ரல் 11ஐப் பெட்டியில் சேர்த்தீர்களா? தற்கொலைத் தாக்குதல் விமானம் ஒன்று வலப்பக்க விளிம்பில் மோதிய நாள். ஹவாயில் கப்பல் நிற்கும் பேர்ல் ஹார்பருக்குப் போனபோது அந்த நெளிவைப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை, தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். மறுநாள் அந்த ஜப்பானிய விமானியின் உடலை இராணுவ மரியாதையோடு கடலில் அடக்கம் செய்ய வைத்தவர் கப்பலின் தலைவர் கேலஹன், தன் ஆட்களில் சிலருக்கு அது பிடிக்காதபோதும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

* * *

எல்லாருக்கும் நன்றி. ஏப்ரல் 11ஐச் சேர்த்துவிட்டேன், அதற்காக 16 அங்குலப் பீரங்கிகளைப் பற்றிய பத்தியைக் குறைத்தேன். 1955க்கும் 1992க்கும் பணிவிடுவிப்பு, 1986க்கு மீண்டும் பணியில் சேர்ப்பு, 1995க்குப் பெயர்நீக்கம், 1999 ஜனவரி 29 அன்று பேர்ல் ஹார்பரில் அருங்காட்சியகக் கப்பலாகத் திறப்பு. இதில் நால்வர் சம்மதம், ஐயா மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. இன்று இரவு அனுப்பியாக வேண்டும்.

* * *

தங்கைக்கு, அனுப்பிவிடு. ஆனால் எனக்குச் சம்மதம் இல்லை என்பதையும் பதிவு செய். விடுவிப்பு என்றால் சிறைக் கதவு திறக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்கிறது, அந்தக் கப்பல் யாருக்கும் கைதியாக இருக்கவில்லை. 1955 என்ற ஒரு வரியிலாவது "கொடி இறக்கப்பட்டது" என்று எழுத இடம் இருக்கிறதா பார். மரக்காயர் பற்றி நாளை எழுதுகிறேன்.