போட்டி முடிவுப் பட்டியலில் பூஜ்யம் 'ஓ' ஆகிறது, என்ன செய்யலாம்?

எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்க இதழ், போட்டி முடிவுகளின் முழுப் பட்டியலை அச்சிலிருந்து எடுத்துவிட்டு இணையத்தில் பிடிஎஃப் ஆகப் போடுகிறது. அது சரியா தவறா என்று உறுப்பினர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அச்சுக் கட்சி. ஆனால் என் சிக்கல் வேறு.

பட்டியலை விரிதாளில் ஒட்டினால், அழைப்புக்குறியில் (ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம்) உள்ள கோடு போட்ட பூஜ்யம் ஆங்கில 'ஓ' எழுத்தாகிறது. அதனால் என் லாகில் (தொடர்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) உள்ள நிலையங்களோடு பொருத்த முடியவில்லை. 2021க்கு முந்தைய கோப்புகளில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்று வாரமாகப் போராடுகிறேன். வேறு இரண்டு செயலிகளில் திறந்து நகலெடுத்தேன், அதே கதை. 300 டிபிஐ படமாக்கி ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஓட்டினேன். பூஜ்யம் சில இடங்களில் 8 ஆனது, அது இன்னும் மோசம். அப்புறம் எல்லா 'ஓ'வையும் 0 ஆக்கிப் பார்த்தேன். ஓஎச், ஓகே என்று தொடங்கும் பின்லாந்து, செக் நிலையங்கள் மொத்தமாகக் கெட்டுப்போயின. சங்கத்திடம் சிஎஸ்வி கோப்பு கேட்டேன், பதில் இல்லை.

கணினியில் இருப்பது விண்டோஸ் 10, லிப்ரே ஆபிஸ் கால்க். அழைப்புக்குறியின் தொடக்கத்தில் நாட்டைக் காட்டும் முன்னொட்டைத் தொடாமல், எண் வரவேண்டிய இடத்தில் நிற்கும் 'ஓ'வை மட்டும் 0 ஆக்க, கால்க்கில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் குறியீடு) எப்படி எழுதுவது?