ஸ்பிட்ஃபயரின் அடிப்பகுதிக்கு என்ன நிறம்?

வணக்கம் நண்பர்களே. சாப்வித் கேமல் முதல் டைஃபூன் வரை பிரிட்டிஷ் போர் விமானங்களை 1/72 அளவு மாதிரிகளாக வரிசையாகச் செய்து வைக்க ஆசை. கேமல் முடிந்தது (இரண்டு இறக்கைக்கும் நடுவே நூல் கட்டுவது தனிக் கொடுமை). இப்போது ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 1940 ஆகஸ்டில் பறந்தது.

மேலே அடர்பச்சையும் மண்பழுப்பும், அதில் குழப்பமில்லை. அடிப்பகுதிதான் சிக்கல். அதுவரை பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக இருந்ததை அந்த ஜூனில் 'ஸ்கை' என்ற வெளிர்பச்சைக்கு மாற்றச் சொன்னார்கள். பெயின்ட் தட்டுப்பாட்டில் சில படைப்பிரிவுகள் இருப்பதைக் கலந்து அடித்தன. அப்படியென்றால் கொஞ்சம் நீலம் தட்டினாலும் பொருந்துமா? அக்ரிலிக்கில், பிரஷ்ஷால் அடிக்க எந்தக் கலவை நல்லது? செய்தவர்கள் படத்தோடு சொல்லுங்கள்.

அப்புறம், இதே வரிசையில் வரும் லைட்னிங் ஜெட் விமானத்தின் வெற்று உலோகப் பளபளப்புக்கு முதலில் பளபளப்பான கறுப்பு அடித்தே ஆக வேண்டுமா?