‘100 சதவீதத் தேர்ச்சி’ பேனர் – எத்தனை பேரில் நூறு?

பாலக்கோடு தக்காளி:
ரிசல்ட் வந்த மறுநாளே தருமபுரி முழுக்க பேனர். அந்த நூறு, தேர்வு எழுதினவங்களை மட்டும் வெச்சுப் போட்ட கணக்கு. ஒன்பதாம் வகுப்பில் 60 பேர்னு வெச்சுக்கோங்க. 8 பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிட்டாங்க, 4 பேர் பாதியில் நின்னுட்டாங்க. மிச்ச 48 பேரும் பத்தாவது பாஸ். பேனரில் 100, ஒன்பதிலிருந்து எண்ணினா 80. எட்டு வரைக்கும் ஆல் பாஸ். சரியா படிக்காத பிள்ளைகளைக் கழிச்சுக்கட்டுறது ஒன்பதில்தான் நடக்கும்.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்:
அண்ணா, மேலிடம் சதவீதம் கேக்கறதாலதான் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு சாயங்கால ஸ்பெஷல் கிளாஸே நடக்குது. பிளஸ் 2 கணக்குப் பாடத்தையே பாருங்க: எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. பாஸுக்கு 35, அதில் எழுத்துத் தேர்வில் 25 எடுத்தே ஆகணும். ஒரு மார்க் கேள்வி 20-ஐயும் சரியா போட்டா எழுத்துத் தேர்வில் இன்னும் 5 தான் பாக்கி; அகமதிப்பீடு 10-ம் முழுசா கிடைச்சா 35. இப்படி ஒரு பிள்ளையைக் கரையேத்தினா தப்பா?

மொரப்பூர் ஸ்டேஷன்:
ஏத்துங்க, எந்தக் கரைன்னும் பாருங்க. விடையை மனப்பாடம் பண்ணி பாஸான பையன் ஐ.டி.ஐ.யில் டர்னர் (கடைசல் வேலை) படிப்பில் சேர்றான். வெர்னியர் அளவுகோலில் முதன்மை அளவு 24 மி.மீ., வெர்னியரோட 17-வது கோடு ஒத்துப்போகுது. மீச்சிற்றளவு, அதாவது ஒரு கோட்டோட மதிப்பு, 0.02 மி.மீ.; 17 கோட்டுக்கு 0.34, அதனால 24.34. 24.17னு படிச்சா அவன் கடைஞ்ச ஜாப் ரிஜெக்ட். தசமம் பிடிபடாததை எந்த மார்க் ஷீட்டும் சொல்லாது. மனப்பாடப் பரீட்சைக்கு மார்க்கைக் குறைச்சு, செஞ்சு காட்டுற புராஜெக்டுக்குக் கூட்டுங்க.

ஓசூர் செகண்ட் ஷிப்ட்:
அதுக்காக புராஜெக்டுக்கு மார்க்கைக் கூட்டலாமா? சார்ட்டும் கலர் பிரிண்டும் வாங்க முடிஞ்ச வீடுதான் ஜெயிக்கும். 2017-ல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தினது நல்லது, அதோட விடுங்க. யார் திருத்துறாங்கன்னே தெரியாத பேப்பர்தான் ஏழைப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. அப்புறம், டி.சி. வாங்கின எல்லாரையும் பள்ளி துரத்திடுச்சுன்னு சொல்லாதீங்க. அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனா பிள்ளையும் கூடத்தான் போகும்.

பாலக்கோடு தக்காளி:
சரிதான், ஆனா அதைப் பிரிக்க வழி இருக்கு. டி.சி. கொடுத்ததும் எமிஸில் (தமிழகப் பள்ளி மாணவர்களோட ஆன்லைன் பதிவேடு) பிள்ளையோட பேர் காமன் பூல்ங்கிற பொதுப் பட்டியலுக்குப் போகும்; சேர்க்கிற பள்ளி அங்கிருந்து எடுத்துக்கும். அப்படி வேற பள்ளியில் சேர்ந்தவங்களைக் கணக்கிலிருந்து கழிச்சிடுங்க. பூலிலேயே கிடக்கிற பேர் பழைய பள்ளி கணக்கில் நிக்கட்டும்.

தளி பார்டர்:
சார், எங்க பக்கம் இது உதைக்கும். பிள்ளை ஆனேக்கல்லில் சேர்ந்தா அது கர்நாடகா. எமிஸ் பூலிலிருந்து யாரும் எடுக்க மாட்டாங்க. படிக்கிற பிள்ளையும் இடைநின்றதாவே காட்டும், பழி எங்க ஹெச்.எம். தலையில் விழும். மத்திய அரசோட பள்ளித் தரவுத் தளமான யுடைஸ் பிளஸ்ஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிற பென் எண் (நிரந்தரக் கல்வி எண்) எல்லா மாநிலத்துக்கும் பொது. அதை டி.சி.யில் எழுதிக் கொடுத்து, சேர்ந்ததா இல்லையான்னு ஒத்துப் பார்த்துட்டு அப்புறம் எண்ணுங்க.