‘கோ-அரவுண்ட்’ என்பதற்குத் தமிழ்: பாதி காதில் விழுந்தாலும் பொருள் மாறாத சொல் வேண்டும்

தக்கலை ஐயா அவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மாணவர்களுக்காக நாம் எழுதும் கட்டுரையில், விமானத் துறையின் ‘கோ-அரவுண்ட்’ (go-around) என்ற சொல்லுக்கு ஐயா முன்வைத்த ‘மறு இறக்கம்’, குளச்சல் நண்பர் சொன்ன ‘சுற்றிவரவு’ இரண்டையும் இரண்டு நாளாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. ஓடுதளத்தை நெருங்கிவிட்ட விமானம், இறங்குவதைக் கைவிட்டு, பொறிகளின் விசையைக் கூட்டி, மூக்கை உயர்த்தி மேலே போவதுதான் இந்தச் செயல். சுற்றுவது அதற்குப் பிறகு. சில வேளை சுற்றாமலே வேறு ஊருக்குப் போய்விடுவதும் உண்டு. ஆகவே ‘சுற்றிவரவு’ செயலின் வாலைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிடுகிறது.

‘மறு இறக்கம்’ என்பதில் உள்ள சிக்கல் இதைவிடப் பெரியது. இரைச்சலில் ‘மறு’ கேட்காமல் போனால் மிஞ்சுவது ‘இறக்கம்’. சொல்ல நினைத்ததற்கு நேர் எதிர். இது வெறும் கற்பனையான அச்சம் அன்று. 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தபோது, ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இன்னும் அனுமதி தராத உரையாடலிலும் புழங்கியதும், காத்திருக்கச் சொன்ன கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் வானொலி இரைச்சலில் சிதைந்ததும் காரணங்களுள் சேர்ந்தன. அதன்பின், புறப்பட அனுமதி தரும்போதும் அதை விலக்கிக்கொள்ளும்போதும் அன்றி அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்றே வழக்கத்தை மாற்றினார்கள். எனவே நம் சொல்லுக்குள் ‘இறங்கு’ என்ற வேர் எந்த உருவிலும் வரக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை தமிழுக்கே உரியது. விமானி அறையில் இருவரில் ஒருவர் செலுத்துவார். மற்றவர் கருவிகளைப் பார்த்து, பிசகு கண்டால் குரல் கொடுப்பார். (இவரை முன்பு ‘செலுத்தாத விமானி’ என்ற பொருளில் அழைத்து, பிற்பாடு ‘கண்காணிக்கும் விமானி’ என்று பெயர் மாற்றினார்கள், கலைச்சொல் வெறும் அலங்காரம் என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.) 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் 8,000 அடி ஓடுதளத்தில் ஏறத்தாழ 5,200 அடி தாண்டித் தரை தொட்டு, பள்ளத்தில் விழுந்து, 158 பேர் இறந்தார்கள். துணை விமானி மூன்று முறை ‘கோ-அரவுண்ட்’ என்று சொல்லியும் தலைமை விமானி இறங்குவதைத் தொடர்ந்தார் என்றது விசாரணை அறிக்கை. இளையவர் மூத்தவரிடம் சொல்லவேண்டிய சொல் இது. தமிழில் ஏவல் வினை என்றாலே ‘போ’வா ‘போங்கள்’ஆ என்ற கேள்வி வந்துவிடும், அந்தத் தயக்கம் ‘போகலாமா சார்’ என்று கெஞ்சுவதில் முடியும்.

கடியபட்டணத்தில் சிறு வயதில் ஒரு காட்சியைப் பார்த்தேன். கரை பிடிக்க வந்துகொண்டிருந்த கட்டுமரத்தின் பின்னால் பேரலை எழுவதைத் திரும்பிப் பார்த்த பையன், துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த தன் அப்பாவையும் சித்தப்பாவையும் நோக்கி ‘வெளிய! வெளிய!’ (கடல் பக்கமாக) என்றுதான் கத்தினான். மரியாதை விகுதியே தேவைப்படாத சொல்லை அவன் நாக்கு தானே எடுத்துக்கொண்டது. நமக்கும் ஏவல் வேண்டாம், தொழிற்பெயர் போதும். விமானி அறைக்குள் பேசப்படுவது ஆங்கிலம்தான், அதை நாம் மாற்றப்போவதில்லை. ஆனாலும் வாயில் வராத சொல் நாம் மாணவர்களுக்கு எழுதும் கட்டுரையிலும் நிற்காது. என் பரிந்துரை ‘மேலெழல்’.

‘அன்ஸ்டேபிள் அப்ரோச்’ (unstable approach), அதாவது இறங்க வரும் விமானத்தின் வேகம், கோடு முதலியன உரியபடி அமையாத நிலை பற்றி ஒரு வார்த்தை. ‘நிலையற்ற அணுகுமுறை’ என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். அணுகுமுறை என்பது ஒன்றைக் கையாளும் விதம். ‘இறங்குமுகம்’ என்றாலோ நம் மாவட்டத்தில் ரப்பர் விலைதான் நினைவுக்கு வரும். ‘நிலையற்ற’ என்றால் விமானம் ஆடுகிறது என்று வாசகர் எண்ணுவார். பயணிகளுக்கு ஓர் அசைவும் தெரியாமலே இது நிகழலாம். 1,000 அடி உயரத்துக்கு வரும்போது, வானிலை தெளிவாக இருந்தால் 500 அடிக்கு வரும்போதாவது, வேகம், இறங்கும் விகிதம், சக்கரம், இறக்கை மடல் (ஃபிளாப்), ஓடுதளத்துக்கு நேரான கோடு எல்லாம் அமைந்திருக்க வேண்டும்; அமையவில்லை என்றால் மேலே போய்விட வேண்டும். ஆகவே ‘அமைவுறா அணுகல்’.

தக்கலையிலிருந்து மறுமொழி:

தம்பி, உங்கள் இரு நிபந்தனைகளையும் ஏற்கிறேன். என் ‘மறு இறக்க’த்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பதற்றத்தில் நம்மில் எத்தனை பேருக்கு ழகரம் வரும்? ‘மேலெளல்’ என்றோ ‘மேலெயல்’ என்றோதான் கேட்கும். ‘ஏற்றம்’ எனலாமா என்று யோசித்தேன்; அது ‘இறக்க’த்தோடு ஒலியில் ஒட்டிக்கொள்கிறது. போதல் என்ற பொருளில் ஏகுதல் என்ற பழைய வினை இருக்கிறதே, ‘மேலேகல்’ என்றால் என்ன?

நாகர்கோவிலிலிருந்து, முதல் மடலை எழுதியவர்:

ஐயா, ‘மேலேகல்’ என்பதையே கட்டுரையில் எழுதிவிட்டேன். வால் அறுந்தால் ‘மேலே’ மிஞ்சுகிறது; தலை அறுந்தால் ‘ஏகல்’ மிஞ்சுகிறது. ‘அமைவுறா அணுகல்’ குறித்து மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.