இணையம் இல்லாத ஃபயர்வாலுக்குப் பென் டிரைவில் அப்டேட்: கோப்பைப் படிக்கிறது, ஏற்க மாட்டேன் என்கிறது

கேள்வி: காவேரிப்பட்டணம் பராமரிப்பு

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் மின் பராமரிப்பையும் கம்ப்யூட்டர்களையும் நான்தான் பார்க்கிறேன். கூழ் லைனின் பிஎல்சிகளுக்கும் (இயந்திரங்களை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள்) அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவில், தேவையில்லாத தொடர்பைத் தடுக்க ஒரு சின்ன ஃபயர்வால் பெட்டி இருக்கிறது. லைன் பக்கம் இணையமே போகக் கூடாது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம், அதனால் பெட்டிக்கும் இணையம் கிடையாது. அப்டேட் வந்தால் அலுவலக லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, பேனல் அறைக்கு எடுத்துப் போவேன். வருடத்துக்கு ஒரு தடவை, சீசன் தொடங்குவதற்கு முன்னால்.

இந்தத் தடவை 64 ஜிபி பென் டிரைவைச் செருகினால் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை. பழைய 16 ஜிபி ஒன்று கிடந்தது, அதைப் பார்த்தது. ஆனால் 1.2 ஜிபி கோப்பைத் தேர்ந்தெடுத்து அப்டேட் கொடுத்தால், இரண்டு நிமிடம் ஓடிவிட்டு, கையொப்பம் செல்லாது என்று ஒரு வரி காட்டி நின்றுவிடுகிறது. மூன்று முறை புதிதாக இறக்கிப் பார்த்தாயிற்று. போன வருடம் இதே பெட்டியில் இதே மாதிரிதான் போட்டேன், ஒரு சிக்கலும் வரவில்லை.

இன்னும் பத்து நாளில் பெங்களூரா மாம்பழ லோடு வரத் தொடங்கிவிடும். லாரி வாசலில் வரிசை கட்டிய பிறகு லைனை நிறுத்தி இதைப் பார்க்க முடியாது. வெயிலில் நிற்கும் பழம் விவசாயியின் காசு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓசூர் நெட்வொர்க்

64 ஜிபி விஷயம் எளிது அண்ணா. பெரிய பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் ஆகி வரும், பல ஃபயர்வால் பெட்டிகளுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்குள் இருக்க வேண்டும், உங்களுடையது அதைத் தாண்டாததால் அதுவே போதும்.

கையொப்பத்துக்கு வருவோம், அதாவது கோப்பு தயாரித்த நிறுவனத்துடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை. முதலில் கோப்பு முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். இறக்கிய பக்கத்தில் ஷா-256 மதிப்பு இருக்கும், கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி, 64 எழுத்து. பென் டிரைவில் நகல் எடுத்த உடனே சரிபார்த்தால், விண்டோஸ் தன் நினைவகத்தில் இருப்பதையே படித்துச் சரி என்று சொல்லிவிடலாம். அதனால் பாதுகாப்பாக வெளியே எடுத்து, மறுபடி செருகி, அதற்கப்புறம் விண்டோஸின் சர்ட்யூட்டில் (certutil) கட்டளையில் பாருங்கள். சந்தையில் வாங்கும் மலிவு பென் டிரைவ்கள் சிலவற்றில் 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 கூட இருக்காது. எழுதும்போது ஒன்றும் சொல்லாது, படிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

பதில்: ஊத்தங்கரை

அந்தப் பழைய 16 ஜிபி இதற்கு முன்னால் எந்தெந்த கம்ப்யூட்டரில் போனது என்று தெரியுமா சார்? ஈரானில் நதான்ஸ் அணு ஆலையைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், 2010இல் வெளியே தெரிந்தது, பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. குறி வைத்ததும் பிஎல்சிகளைத்தான். ஜெராக்ஸ் கடைக்கும் கணக்குப் பிரிவுக்கும் போய் வரும் டிரைவ் பேனல் அறைக்குள் வரவே கூடாது. ஒன்றைப் புதிதாக வாங்கி, சிவப்பு டேப் சுற்றி, இந்த வேலைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. கிருஷ்ணகிரி போய்ப் புதிதாக ஒரு 16 ஜிபி வாங்கி வந்தேன், சிவப்பு டேப்பும் சுற்றிவிட்டேன். லேப்டாப்பில் எடுத்து மறுபடி செருகிப் பார்த்ததில் ஷா மதிப்பு சரி. ஃபயர்வாலின் கன்சோலிலும் (கட்டளை கொடுக்கும் திரை) கணக்கிட்டேன். உதவியாளர் தம்பி நான்கு நான்கு எழுத்தாக உரக்கப் படித்தான், நான் காகிதத்தில் டிக் அடித்தேன். 64ம் ஒத்துப்போகிறது. ஆனாலும் அதே வரிதான் வருகிறது.

பதில்: தருமபுரி, 22 வருடம் கன்ட்ரோல் பேனல்

தம்பி, ஷா பொருந்திவிட்டால் கோப்பை விட்டுவிடுங்கள். பெட்டியின் தேதியைப் பாருங்கள்.

கையொப்பத்தோடு ஒரு சான்றிதழ் வரும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். பெட்டி தன் கடிகாரத்தோடு அதை ஒப்பிடும். இணையம் உள்ள பெட்டி நேரத்தை வெளியிலிருந்து வாங்கித் திருத்திக்கொள்ளும், உங்கள் பெட்டிக்கு அந்த வழி இல்லை. மெயினை அணைத்தால் உள்ளே இருக்கும் காசு பேட்டரியை நம்பித்தான் கடிகாரம் ஓடும். உங்கள் தொழிற்சாலையில் சீசன் முடிந்ததும் பேனலுக்கு மின்சாரத்தை நிறுத்துவீர்களா?

கேட்டவர்

அண்ணா, அதேதான். ஆகஸ்டில் அணைத்தது, இன்று காலையில்தான் போட்டேன். தேதியைப் பார்த்தால் 2010 ஜனவரி 1, நேரம் நாலு மணி சொச்சம். நான் மெயின் போட்டும் நாலு மணி நேரம்தான் ஆகிறது! சான்றிதழ் பிறப்பதற்கு முன்னால் நின்றுகொண்டு பெட்டி அதைச் செல்லாது என்று சொல்லியிருக்கிறது.

மின்சாரத்தை நிறுத்தி மூடியைத் திறந்தேன். போர்டில் ஓர் ஓரமாக அந்தக் காசு பேட்டரி, சிஆர்2032. மீட்டர் வைத்தால் 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1.9. பஸ் ஸ்டாண்டு பக்கம் வாட்ச் கடையில் புதிது வாங்கிப் போட்டு, தேதியைக் கையால் கொடுத்தேன். அதற்கப்புறம் அதே பென் டிரைவ், அதே கோப்பு, முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது.

பதில்: தருமபுரி, 22 வருடம் கன்ட்ரோல் பேனல்

நல்லது. இரண்டு வேலை பாக்கி. லைனை ஓட்டிப் பாருங்கள்: அலுவலகத் திரையில் டேங்க் வெப்பநிலை வருகிறதா? பிஎல்சி பேசுவது மோட்பஸ் முறையில் என்றால், அதை அனுமதிக்கும் 502ஆம் போர்ட் விதி ஃபயர்வாலில் அப்டேட்டுக்குப் பிறகும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் இன்று இரவு மெயினை அணைத்து வையுங்கள். பேட்டரி மட்டும் கெட்டதா, அதைப் பிடிக்கும் கிளிப்பும் தளர்ந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

கேட்டவர்

502 இருக்கிறது, மூன்று டேங்க் வெப்பநிலையும் வருகிறது. புது அமைப்பை பேக்கப் எடுத்துச் சிவப்பு டேப் டிரைவில் போட்டாயிற்று. பேட்டரி மாற்றிய தேதியை எழுதிப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இரவு முழுக்க மெயின் அணைந்திருந்தது. காலையில் போட்டபோது என் கைக்கடிகாரத்தில் 6.10, பெட்டியிலும் 6.10.